பெடல் உள்ளே போன நாள்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது டீச்சர்தான். எனக்கும் சேர்த்து. பள்ளிக்கூட டீச்சர் இல்லை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி டீச்சர். பதினாறு வருடம் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பயந்தவர்கள், பதறியவர்கள், எல்லாம் தெரியும் என்று வந்தவர்கள் எல்லாரையும் சாலைக்குப் பழக்கியவர். முதல் நாள் நான் ஸ்டியரிங்கைக் குரங்குப்பிடியாகப் பிடித்திருந்தபோது, "அது எங்கயும் ஓடிடாது, கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் வரவில்லை.

நான் எதிர்வீட்டுக்காரன். நடந்ததில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதனால்தான் இதைச் சொல்லத் துணிகிறேன்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நகரத்தில் நாற்பது கட்டடங்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் மாடிக்கு மேலே இருக்கும் இயந்திர அறைக்குப் போய், கம்பி வடம், பிரேக், பூட்டு எல்லாம் பார்த்து, அங்கே தொங்கும் அட்டையில் 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆயிரம் பேர் தினமும் கதவை மூடிக்கொண்டு மேலே போனார்கள். வீட்டிலும் அப்படித்தான். குழாய் சொட்டினால், சொட்டு நிற்கும்வரை சாப்பாட்டுக்கு வரமாட்டார். அவருக்கு 'முறுக்கு' என்று ஒரு பெயர். கார் சங்கத்து ஆட்கள் வைத்தது. எந்த போல்ட்டையும் கைக்கணக்கில் முடுக்கி விடமாட்டார். அளவு காட்டும் ரெஞ்சை வைத்து, இத்தனை முறுக்கு என்று பார்த்துத்தான் விடுவார். பேச்சிலும் கொஞ்சம் முறுக்கு உண்டு. பெயர் ஒட்டிக்கொண்டது.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே இருக்கை, கரும்பச்சை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இருபத்திரண்டு வயதானது. ஒரு பல் டாக்டரின் வீட்டில் தார்ப்பாய்க்குக் கீழே எலி வயரைத் தின்றுகொண்டிருந்த நிலையில் வாங்கி வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்குள்ளேயே கழித்தார். வயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தார். கல்லாக இறுகிப் போயிருந்த ரப்பர் புஷ்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து மாற்றினார். என்ஜினை இறக்கி, வால்வுகளுக்கு இடைவெளி வைத்து, திரும்ப ஏற்றினார். வண்டி ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை: கெட்டியான ஷாக் அப்சார்பர், தடித்த புகைக்குழாய், அகலமான சக்கரம். ஆசைக்கு அளவு ரெஞ்சு கிடையாது என்று டீச்சர் சொல்வார்.

டீச்சர் அந்தக் காருக்கு வைத்த பெயர் 'சக்களத்தி'. "என்னங்க, சக்களத்திக்கு இன்னைக்கு என்ன அலங்காரம்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். கோபமாக இல்லை. உண்மையில், கணவர் கொட்டகைக்குள் இருப்பது டீச்சருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். குடி இல்லை, சீட்டு இல்லை, பத்தடி தூரத்தில் புருஷன். வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வண்டியை டீச்சர் ஓட்டியதில்லை. முறுக்கு யாரையும் ஓட்ட விட்டதில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை. செய்ய வேண்டிய வேலைகளைச் சாக்கட்டியால் எழுதி, முடிந்ததும் ஒரு கோடு போட்டு அடிப்பார். அகலச் சக்கரம் மாட்டிய இரண்டாவது வாரம் அதில் ஒரு வரி ஏறியது: 'முன் இடது பிரேக் ஹோஸ்.' சக்கரத்தை முழுக்க ஒடித்துத் திருப்பினால், புது டயரின் உள்விளிம்பு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயில் லேசாக உரசியது. குழாயின் மேல் விரல் நகம் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. அவர் அதைப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் பட்டையால் குழாயை உள்பக்கமாக இழுத்துக் கட்டினார். புது ஹோஸுக்கும் சொல்லிவிட்டார். அது ஒரு வாரத்தில் வந்தும் சேர்ந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு சங்கத்தின் கண்காட்சி. இருந்த நேரம் முழுவதும் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் போனது. மற்றவர்கள் ஏறும் லிஃப்டில் இப்படி ஒரு வேலையை அவர் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போட்டிருக்க மாட்டார்.

கண்காட்சி நாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன். ஏதோ ஒரு கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே மூன்று பேர். முறுக்கு ஸ்கூட்டரில் ஓடினார். ஒன்பதரைக்கு டீச்சருக்குப் போன் செய்தார். கண்காட்சி மைதானத்தின் கதவைப் பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். முதல் வரிசையில் இடம் பிடிக்க வருடக் கணக்காகக் காத்திருந்தவர்.

நான் அப்போது என் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொட்டகை முன்னால் நின்றார்.

"வேண்டாங்க. உங்க வண்டியில ஒரு கீறல் விழுந்தா மூணு மாசம் நான் கேக்கணும்... சரி, சரி, கோச்சுக்காதீங்க. பிரேக் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "நான் பாத்த வண்டி. எடுத்துட்டு வா."

எங்கள் சந்து குறுகலானது. கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்க ஒருமுறை முழுக்க இடது, ஒருமுறை முழுக்க வலது, மறுபடி இடது என்று ஒடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு நான்தான் வழி காட்டினேன். "இன்னும் வெட்டுங்க டீச்சர், இன்னும், இன்னும்." அவர் சிரித்துக்கொண்டே, "நான் கத்துக்கொடுத்த ஆளு எனக்கே கத்துக்கொடுக்குறாரு பாருங்க" என்றார். வண்டி உறுமிக்கொண்டு போனது. என் பங்கு அவ்வளவுதான்.

தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து சாலை இறங்கி, வளைந்து, பஸ் நிறுத்தத்துக்குப் போகும். மேட்டின் உச்சியில் பிரேக் பிடித்தது. இறக்கத்தில் பிடிக்கவில்லை. பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை குத்தினார். வண்டி கொஞ்சம் தயங்கியது, நிற்கவில்லை. கியரைக் குறைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பின்பக்கம் வழுக்கியது. எதிரே பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர். டீச்சர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, மரக்கடையின் கருங்கல் சுவரில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

பஸ் நிறுத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. டீச்சருக்கு வலது இடுப்பு மூட்டு நொறுங்கியது.

அன்று மதியம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பெடல் உள்ள போயிடுச்சு." நர்ஸிடம் சொன்னார், மகளிடம் சொன்னார், என்னிடம் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் முறுக்கு நின்றிருந்தார். பேசியது சங்கத் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர்.

"இந்த மாதிரி வண்டியில கிளட்சும் பிரேக்கும் ரொம்ப நெருக்கம்மா. பழக்கம் இல்லாதவங்க பதட்டத்துல கிளட்ச மிதிச்சுடுவாங்க. அதான் உள்ள போன மாதிரி இருந்திருக்கும்."

டீச்சர் கணவரைப் பார்த்தார். "நான் பிரேக்கைத்தாங்க மிதிச்சேன். நீங்க சொல்லுங்க."

"இப்ப அதெல்லாம் எதுக்கு? நீ ரெஸ்ட் எடு" என்றார் முறுக்கு.

அதற்கு முன்பே, இடித்த வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வரச் செய்து, அவர் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நொறுங்கியது வண்டியின் வலது முன்பக்கம். இடது பக்கம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. கட்டிய பிளாஸ்டிக் பட்டை அறுந்து போயிருந்தது. குழாயில் பளபளப்பு இருந்த இடத்தில் ஒரு வாய் பிளந்திருந்தது. அவர் அந்தக் குழாயைக் கழற்றினார். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புது ஹோஸை மாட்டினார், அளவு ரெஞ்சு வைத்து, சரியான முறுக்கில். பிறகு கரும்பலகையில் அந்த ஒரு வரியை உள்ளங்கையால் அழித்தார்.

செவ்வாய்க்கிழமை இன்ஷூரன்ஸ் ஆள் வந்தார். வலது பக்கக் குழாய்களும் மோதலில் கிழிந்திருந்ததால், பிரேக் எண்ணெய் எதனால் ஒழுகியது என்று அவர் யோசிக்கவில்லை. வழக்கமான கேள்வி ஒன்றை மட்டும் கேட்டார். "சமீபத்துல பிரேக்ல ஏதாவது வேலை பாத்தீங்களா?"

"இல்ல சார். விபத்துக்கு முன்னாடி பிரேக்ல நான் கையே வைக்கல."

அது ஒரு வகையில் உண்மையும்கூட. கை வைக்காததுதானே விஷயம்.

பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்றார் அவர், என்னிடம், பிற்பாடு. பார்த்தும் சரிசெய்யாமல் விட்டான் என்று ஒரு பேச்சு வந்தால், நாற்பது கட்டடத்து அட்டைகளில் அவர் கையெழுத்துக்கு என்ன மரியாதை? அவள் குணமாகி வீட்டுக்கு வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். டீச்சர் வந்தார். ஊன்றுகோல் போகட்டும் என்று நினைத்தார். ஊன்றுகோல் போகவில்லை. இன்று சொல்வதைவிட நாளைக்குச் சொல்வது கடினம். அதுவும் தெரிந்தே நாட்களைத் தள்ளினார்.

இதற்கிடையில் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'டிரைவிங் டீச்சரே பிரேக்குக்குப் பதில் கிளட்ச மிதிச்சாங்களாம்.' தெருமுனையில் இது ஆறு மாதம் ஓடியது. நானும் சொன்னேன். அலுவலகத்தில் ஒருவன் கார் வாங்கப்போகிறேன் என்றபோது, "எங்க டீச்சர்கிட்ட மட்டும் போயிடாதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கைப்பழக்கமும் தைரியமும் கொடுத்த மனுஷியைப் பற்றி.

பயிற்சிப் பள்ளி முதலாளி முதலில் அவரை மேஜை வேலைக்கு மாற்றினார். விண்ணப்பம் நிரப்புவது, போன் எடுப்பது. பிறகு, "டீச்சர், உங்க பேரைக் கேட்டாலே ஆளுங்க தயங்குறாங்க. தப்பா நினைக்காதீங்க" என்று வழியனுப்பிவிட்டார். மகளுக்குப் பதினெட்டு ஆனபோது, அம்மாவிடம் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று வேறு பள்ளிக்குப் போனாள். அந்தப் பள்ளியின் விண்ணப்பத்தில் பொறுப்பாளர் கையெழுத்தைப் போட்டவர் முறுக்கு.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, டீச்சரே அதை நம்பத் தொடங்கியதுதான். முதல் வருடம், "நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்" என்றார். இரண்டாம் வருடம், "பிரேக்குன்னுதான் ஞாபகம்" என்றார். மூன்றாம் வருடம் யாராவது கேட்டால், "யாருக்குத் தெரியும், பதட்டத்துல எதை மிதிச்சேனோ" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கால் தானாக இடது, நடு, வலது என்று தரையைத் தொட்டுப் பார்க்கும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

முறுக்கு காரைத் திரும்பக் கட்டினார். ஆறு வருடம். முன்பக்கச் சட்டத்தை வெட்டி எடுத்து, நேராக்கி, வெல்டிங் வைத்தார். இந்த முறை பிரேக்கில் பஞ்சமே இல்லை: பெரிய டிஸ்க், எஃகு இழை பின்னிய குழாய், அத்தனையும் உயர்ந்த சாமான். குற்ற உணர்ச்சியா, ஆசையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர் சில நாள் கொட்டகைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். "நான் உடைச்சதுக்கு நானும் கொஞ்சம் ஒத்தாசை பண்றேன்."

ஆறாவது வருடம் அதே மைதானத்தில் கண்காட்சி. கரும்பச்சை வண்டிக்கு முதல் வரிசையில் நடு இடம், மறுசீரமைப்பில் முதல் பரிசு. மேடையில் கண்ணாடிக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "பொண்டாட்டி உடைச்சதைப் புருஷன் ஒட்டினாரு. நம்ம வீட்டுல எல்லாம் தலைகீழா நடக்கும்!" மைதானமே சிரித்தது. "டீச்சர், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்." டீச்சர் ஊன்றுகோலோடு எழுந்து நின்று, மைக்கை வாங்கி, "வண்டி நல்ல வண்டிங்க. ஓட்டினவதான் சரியில்ல" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அவரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது மதியம் மூன்று மணி வெயில். பரிசுக் கோப்பை டீச்சரின் மடியில். தண்ணீர்த் தொட்டி மேடு வருவதற்கு முன்பாகவே முறுக்கு வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை அணைத்தார்.

"நீ பிரேக்கைத்தான் மிதிச்ச."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை.

"ஹோஸ் அறுந்து போச்சு. டயர்ல உரசிட்டு இருந்தது. எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்குன்னா, இடிச்ச பிறகா?"

"ரெண்டு வாரம் முன்னாடியே."

டீச்சர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் போன்ல கேட்டேனே. பிரேக் சரியா இருக்கான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

கோப்பையைக் கியருக்கு மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். தரையோடு தரையாக இருக்கும் வண்டி, இடுப்பு மடங்காதவர். ஆறு வருடமாக எதில் உட்கார்ந்தாலும் அவரை எழுப்பி விடுவது முறுக்குதான். அவர் சுற்றி ஓடிவந்து கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஊன்றுகோலை வெளியே போட்டார். கதவின் விளிம்பைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். ஒருமுறை தார்ச்சாலையில் முழங்காலும் பட்டது. எழுந்து நிற்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனதாம். அந்த ஐந்து நிமிடமும் கையை நீட்டியபடியே நின்றதாகச் சொன்னார் முறுக்கு. பிறகு டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டைவிட்டுப் போகவில்லை. மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். மகள் அன்றிரவு அப்பாவிடம் போனில் பேசியது ஒரே வரி: "என் அம்மாவை நான் நம்பாம போனதுக்கு உங்களை என்ன பண்றதுப்பா?"

மறுநாள் டீச்சர் கணவரிடம் சொன்னார். "எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க. ஒருத்தர் விடாம."

போனார். முதலில் இன்ஷூரன்ஸ் அலுவலகம். அந்த ஆள் ஓய்வு பெற்றுவிட்டார், கோப்பு மூடியாகிவிட்டது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் கம்பெனியில் மேலாளர் கேட்டுவிட்டு, "வீட்டு விஷயத்தை ஏங்க இங்க கொண்டு வர்றீங்க?" என்றார். பயிற்சிப் பள்ளி முதலாளி உச்சுக் கொட்டினார். "ஐயோ பாவம். ஆனா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சே."

என்னிடமும் வந்தார். நான் அலுவலகத்தில் அடித்த ஜோக்கை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாகச் சங்கம். ஞாயிறு காலை, இருபது பேர் முன்னால் எழுந்து நின்று, பட்டை, பளபளப்பு, பிரிக்காத அட்டைப்பெட்டி, அழித்த வரி என்று ஒன்று விடாமல் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார்.

"எங்களுக்குப் புரியுது. அன்னைக்கு மேடையில நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன், டீச்சர் மனசு நொந்திருப்பாங்க. அதுக்காகப் பழியை நீயே ஏத்துக்குற பாரு, நீ மனுஷன்யா. முறுக்கு கையில ஒரு ஹோஸ் அறுந்துச்சுன்னு சொன்னா யார் நம்புவா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஆறு வருடம் ஒளித்து வைத்திருந்த அந்த அறுந்த குழாயை முறுக்கு பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "பழைய ரப்பர் எந்தக் கொட்டகையிலதான் இல்ல?" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். காரை விற்றுவிடப் போவதாகவும் சொன்னார்.

டீச்சர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "விக்கக்கூடாது. வித்தா, பொண்டாட்டிக்காக உயிரையே வித்துட்டான்னு அதுக்கும் ஒரு பட்டம் கட்டுவானுங்க. அது அங்கயே கிடக்கட்டும். நீங்க தினமும் பாத்துட்டுப் போங்க."

கிடக்கிறது. மேலே உறை போட்டு மூடி.

டீச்சர் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். தினமும் அதிகாலையில் மைதானத்துக்கு எடுத்துப் போய் ஒரு மாதம் தனியாக ஓட்டிப் பழகினார். வலது கால் முன்போல் மடங்காததால் இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். இப்போது மூன்று பெண்கள் அவரிடம் கற்றுக்கொள்கிறார்கள். பேச்சு குறைந்துவிட்டது. எனக்குக் கிடைத்ததுபோல ஜோக் எல்லாம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நீங்க என்ன பண்ணுவீங்க, வீட்டு ஆளே சொல்லலையே" என்று டீ கொடுத்து அனுப்பினார். அந்த டீயைக் குடிப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

அந்தச் சின்னக் காருக்கு எண்ணெய் மாற்ற, பிரேக் பார்க்க, எல்லாவற்றுக்கும் அவர் பஸ் டிப்போ பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகிறார். அங்கே வேலை சுமார்தான், ஊருக்கே தெரியும்.

போன வாரம் காலையில் டீச்சர் வண்டியை எடுக்கும்போது முறுக்கு வாசலில் நின்றிருந்தார். வண்டியிலிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி. அந்தக் காதுக்கு அது தப்புமா? இரண்டு அடி முன்னால் வந்தார்.

"பெல்ட் தளர்ந்திருக்கு. பத்து நிமிஷ வேலை. நான் வேணும்னா..."

"ஒர்க்‌ஷாப்ல சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கியரைப் போட்டார். முறுக்கு ஒதுங்கி வழிவிட்டார். வண்டி கீச்சிட்டுக்கொண்டே சந்து முனையைத் தாண்டிப் போனது.